முயல் வளர்ப்பில் முதல் இருபது நாட்கள்

ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பிறகு, இவ்வட்டாரத்துச் சிறு விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவர் ஆலை வேலைக்குச் செல்வதும், மற்றவர்கள் நிலத்தைக் கவனிப்பதும் வழக்கமாகி விட்டது. மாடு வைத்துக்கொள்ள ஆள் வசதியோ இடமோ இல்லாத வீட்டில் நான்கைந்து முயல்களை வளர்க்கலாம். கொல்லையில் ஒரு சிறு கொட்டகையும், காலையும் மாலையும் அரை மணி நேரமும் போதும். கூண்டைத் தூக்கக் காளை மாட்டின் வலிமை தேவையில்லை. வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் செய்யக்கூடிய வேலைதான்.

ஆனால் முயல் வளர்த்துக் கைவிட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எட்டுக் குட்டி போட்டது, நின்றது இரண்டோ மூன்றோதான்." முயல் நிறையக் குட்டி போடும் என்பது எல்லோரும் அறிந்ததே. எத்தனை குட்டி பிழைத்தது என்பதில்தான் லாபமும் நட்டமும் அடங்கியுள்ளன. ஒரு பெண் முயல் ஆண்டுக்கு ஐந்து ஈற்றில், ஈற்றுக்கு ஆறு வீதம் 30 குட்டிகள் ஈனுவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 125 கிராம் வீதம் அது ஆண்டில் ஏறத்தாழ 45 கிலோ அடர் தீவனம் தின்னும். ஈற்றுக்கு மூன்று குட்டி நின்றால் மொத்தம் 15. ஒரு குட்டியின் மேல் தாய் தின்ற தீவனம் 3 கிலோ ஏறுகிறது. ஐந்து நின்றால் மொத்தம் 25. ஒன்றின் மேல் 1.8 கிலோதான். தாய், கூண்டு, உழைப்பு எதுவும் மாறவில்லை. மாறியது குட்டி பிறந்த முதல் இருபது நாட்களின் கவனிப்பு மட்டுமே.

காட்டு முயலும் வீட்டு முயலும்

தளி, அஞ்செட்டிப் பக்கத்து விவசாயிகள் நிலக்கடலைக் காட்டிலோ புல் புதரிலோ காட்டு முயலின் குட்டியைப் பார்த்திருப்பார்கள். அது பிறக்கும்போதே உடல் முழுதும் முடியுடனும் திறந்த கண்களுடனும் இருக்கும். சிறிது நேரத்தில் நகரவும் தொடங்கிவிடும். காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. திறந்த வெளியிலேயே ஈனுகிறது.

நாம் கூண்டில் வளர்க்கும் முயல் வேறு இனம். ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்த முயலிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி ஈனுவதில்லை. (காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.) வீட்டு முயலின் குட்டி முடியில்லாமல், கண் திறக்காமல், 40 முதல் 60 கிராம் எடையில் பிறக்கிறது. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. இருட்டும் வெதுவெதுப்பும் உள்ள வளைக்குள், தாயின் முடி மெத்தைக்குள் கிடப்பதற்கென்றே அமைந்த உடல் அது.

கம்பி வலைத் தரை போட்ட கூண்டில் வளை ஏது? நாம் வைக்கும் பெட்டிதான் அதற்கு வளை. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்வரும் முறைகளில் பாதியை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேட்டு நிலமும் கீழ் நிலமும்

ஒரே மாவட்டமானாலும், முயலைப் பொறுத்தவரை கிருஷ்ணகிரி மாவட்டம் இரண்டு நாடுகள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டு நிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரைப் பகுதிகள் இதைவிட நன்கு தாழ்ந்தவை. சித்திரை, வைகாசியில் வெயில் கடுமையாக இருக்கும். முயலுக்கு வியர்ப்பதில்லை. காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு ஏற்ற வெப்பம். 30 டிகிரிக்கு மேல் போனால் தீனி குறையும், சினை பிடிப்பதும் குறையும்.

இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு. கடும் வெயிலில் இருந்த ஆண் முயலின் விந்து வீரியம் குறைந்து, மீண்டும் சரியாக ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். ஆகவே, வைகாசியில் பட்ட வெயிலின் குறை ஆனி, ஆடியிலும் தெரியும். மழை வந்து குளிர்ந்த பிறகும் சினை பிடிக்கவில்லையே என்று பெண் முயலைக் குறை கூறி விற்றுவிடுவோர் உண்டு. பெண் முயலைக் கழிக்கும் முன் ஆண் முயல் கோடையை எங்கே கழித்தது என்று பாருங்கள்.

கீழ் நிலத்தில் கொட்டகைக்கு ஓடு அல்லது தென்னங்கீற்றுக் கூரையே நன்று. தகரமோ சிமெண்டு அட்டையோ போட்டால் அதன் மேல் கீற்று வேய வேண்டும். புங்கன், வேம்பு நிழல் கிடைத்தால் மிகவும் நல்லது. நண்பகலில் பக்கவாட்டில் ஈரச்சாக்குத் தொங்கவிடலாம். மேட்டு நிலத்தில் வெயிலைவிட மார்கழி, தை மாதத்து இரவுக் குளிரும் காற்றும்தான் குட்டிகளுக்குப் பகை. அங்கே காற்று வரும் பக்கத்தை மட்டும் சாக்கினால் மறைத்தால் போதும். நான்கு பக்கமும் மூடினால் சிறுநீர் நெடி தேங்கி மூக்கு ஒழுகல் நோய் வரும்.

பெண் முயலின் கூண்டு 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். தரைவலையின் கண் அரை அங்குலத்துக்கு முக்கால் அங்குலத்தை மிஞ்சக் கூடாது. பக்கவலையின் அடிப்பாகமும் நெருக்கமாகவே இருக்க வேண்டும். கூண்டின் கால்களை நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பிறந்த குட்டியைக் கட்டெறும்பு ஓர் இரவில் முடித்துவிடும்.

சேர்க்கையும் நாள் கணக்கும்

பெண் முயலை 5 முதல் 6 மாதத்திலும், ஆண் முயலை 6 முதல் 7 மாதத்திலும் முதன்முதலாகச் சேர்க்கலாம். எப்போதும் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தன் கூண்டுக்குள் வரும் ஆணைப் பெண் முயல் கடித்து விரட்டும். பெண் உறுப்பு வெளுத்திருந்தால் பருவம் இல்லை. சிவந்து ஈரமாக இருந்தால் சேர்க்கலாம். அதிகாலை ஏற்ற நேரம். சேர்க்கை முடிந்ததும் ஆண் முயல் ஒரு சிறு ஒலியுடன் பக்கவாட்டில் சாய்ந்து விழும். மாட்டைப்போல் முயலுக்குக் கருமுட்டை தானாக வெளிப்படுவதில்லை. சேர்க்கைக்குப் பின் ஏறத்தாழ 10 மணி நேரத்தில்தான் வெளிப்படுகிறது. எனவே சேர்த்த நாளே கணக்கின் முதல் நாள். அதைக் கூண்டில் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். ஆண்டு முழுவதும் செய்யும் வேலைகளில் இந்த அட்டைக்கு ஆகும் செலவே மிகக் குறைவு. இது இல்லாததால் இறந்த குட்டிகளோ ஏராளம்.

சினைக்காலம் 30 முதல் 32 நாள். 12 முதல் 14-ஆம் நாளில் அடிவயிற்றை மெதுவாகத் தடவினால் கோலிக்குண்டு போன்ற உருண்டைகள் விரலில் வழுக்கும். பழகாதவர்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம். 17, 18-ஆம் நாளிலேயே முயல் முடியைப் பிடுங்கிக் கூடு கட்ட முயன்றால் அது பொய்ச்சினை, மறுபடியும் சேர்க்கலாம்.

பெட்டி

28-ஆம் நாள் கூண்டுக்குள் பெட்டி வைக்க வேண்டும். முன்னதாக வைத்தால் முயல் அதில் சிறுநீர் கழித்து அசுத்தம் செய்யும். பின்னதாக வைத்தால் வலை மேலேயே குட்டி போட்டுவிடும்.

பெட்டியின் நீளம் 20 அங்குலம், அகலம் 12 அங்குலம், உயரம் 12 அங்குலம். முன்பக்கம் மட்டும் 6 அங்குல உயரத்தில் வாசல் வெட்டுங்கள். ஓசூர்ப் பக்கம் ஆலைகளிலிருந்து கழித்துவிடும் பெட்டிப் பலகை மலிவாகக் கிடைக்கிறது. எண்ணெய், சாயம், மருந்துக் கறை படிந்த பலகையை ஒதுக்குங்கள். ஆணிகளைப் பிடுங்கி, பிசிர்களை இழைத்துவிடுங்கள். அடியில் நான்கைந்து துளைகள் இட்டால் ஈரம் வடியும்.

அந்த 6 அங்குல வாசல் வீணாகச் சொல்லப்பட்டதன்று. பால் குடிக்கும் குட்டி சில வேளைகளில் காம்பைப் பிடித்தபடியே தாயுடன் வெளியே வந்துவிடும். வாசல் உயரமாக இருந்தால் அதில் உரசிக் குட்டி உள்ளே விழும். வெளியே விழுந்த குட்டியைப் பூனையோ நாயோ கவ்விக்கொண்டு வருவதுபோல் முயல் கொண்டுவராது. வளையில் வாழ்ந்த இனமாதலால் அந்தப் பழக்கமே அதற்கு இல்லை. பக்கத்திலேயே குட்டி விறைத்துக் கிடந்தாலும் தாய் வைக்கோலை மென்றுகொண்டிருக்கும். அதைக் கொடுமைக்காரத் தாய் என்று வெறுப்பதில் பொருளில்லை. எடுத்துப் போடுவது நம் வேலை.

பெட்டிக்குள் 2, 3 அங்குலக் கனத்துக்கு மென்மையான நெல் வைக்கோலையோ உலர்ந்த கொழுக்கட்டைப் புல்லையோ நறுக்கிப் பரப்புங்கள். ராகித் தாள் முரடானது. கசக்கிப் போட்டால் ஓரளவு உதவும். பழந்துணி, நூல், பஞ்சு ஆகாது. குட்டியின் காலில் சுற்றி இறுக்கிவிடும். மரத்தூள் மூக்கில் ஏறும். ஈனும் தறுவாயில் தாய் தன் அடிவயிற்று முடியைப் பிடுங்கி மெத்தை போடும். முதல் ஈற்று முயல்களில் சில இதைச் செய்வதில்லை. அப்போது அடிவயிற்று முடி தளர்ந்தே இருக்கும். நீங்களே மெதுவாகப் பறித்துப் போடலாம். முடி மிகுதியாகப் போடும் முயலிடமிருந்து கொஞ்சம் எடுத்துச் சுத்தமான பையில் சேமித்து வைப்பவர்கள் புத்திசாலிகள்.

பால் கொடுக்கவில்லையா?

பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ ஈற்று நடக்கும். காலையில் முதலில் தாய்க்கு வேண்டிய அளவு தண்ணீர் வையுங்கள். ஈன்ற முயலின் தாகம் பெரிது. நீரில்லாமையும், நாய், அன்னியர் வரவால் ஏற்படும் அச்சமும், தீவனத்தில் புரதக் குறைவும் சேர்ந்தால்தான் பெரும்பாலும் தாய் குட்டியைத் தின்னும். பிறகு தாயின் உடலைத் தடவிய கையாலேயே பெட்டியைத் திறந்து, குட்டிகளை எண்ணி, இறந்தவற்றையும் நனைந்த வைக்கோலையும் நீக்குங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று அஞ்சிப் பெட்டியைத் திறக்காமலேயே விட்டு, அழுகிய குட்டியால் மற்றவற்றையும் இழக்க வேண்டாம்.

அடுத்த கவலை: "தாய் பெட்டிப் பக்கமே போவதில்லை, பால் கொடுப்பதே இல்லை." முயல் நாளுக்கு ஒரு தடவைதான், பெரும்பாலும் விடியற்காலையில், மூன்று நான்கு நிமிடம்தான் பால் கொடுக்கும். அடிக்கடி வளைக்குப் போனால் பகை விலங்குக்கு வழி காட்டியதாகிவிடும் அல்லவா? அந்த ஒரு வேளைப் பால் மிகவும் கெட்டியானது. பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். முயல் பாலில் 10 சதவீதத்துக்கும் மேல். எனவே தாயைப் பார்க்காதீர்கள், குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு, தோல் வழியே வெள்ளையாகப் பால் தெரிந்தால் குறையில்லை. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, கை நிழல் பட்டதும் துள்ளித் தேடினால் அது பட்டினிக் குட்டி. அப்போது தாயைப் பெட்டிக்குள் விட்டு, கையால் தடவி அமைதிப்படுத்தி ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். மடி சூடாக, கல்போல் இருந்தால் மடிநோய். தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முயலுக்குப் பொதுவாக எட்டுக் காம்புகள். பத்துக் குட்டி போட்டதில் இரண்டு தோற்பது இயல்பு. இதற்காகவே இரண்டு மூன்று பெண் முயல்களை ஒரே நாளில் சேர்ப்பது நல்ல வழக்கம். மூன்று நாட்களுக்குள் பிறந்த குட்டிகளை, நிறைய உள்ள பெட்டியிலிருந்து குறைவாக உள்ள பெட்டிக்கு மாற்றி, அங்குள்ள முடியில் புதைத்துவிட்டால் பெரும்பாலும் தாய் ஏற்றுக்கொள்ளும்.

விறைத்துக் கிடக்கும் குட்டியை இறந்ததென்று எறிந்துவிட வேண்டாம். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி, அதன் மேல் வைத்து அரை மணி நேரம் பாருங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் மற்றக் குட்டிகளின் நடுவே வைத்துவிடலாம். கீழ் நிலத்தில் கோடையில் இதற்கு நேர்மாறான தொல்லை. குட்டிகள் சிவந்து, ஒன்றையொன்று விலகிப் பரவிக் கிடந்தால் பெட்டிக்குள் சூடு அதிகம். முடியில் பாதியை எடுத்துவிட வேண்டும்.

எலியும் பாம்பும் உள்ள இடத்தில், பெட்டியை இரவில் வீட்டுக்குள் எடுத்து வைத்து, காலையில் தாயிடம் கால் மணி நேரம் வைத்து எடுக்கும் முறை உண்டு. காலை ஷிப்டுக்குப் புறப்படும் முன் முடித்துவிடலாம். நாளுக்கு ஒரு வேளைப் பாலே போதும் என்பதால்தான் இது நடக்கிறது. ஆனால் தொடங்கினால் ஒருநாள்கூடத் தவறக் கூடாது.

10 முதல் 12-ஆம் நாளில் கண் திறக்கும். 14-ஆம் நாளாகியும் திறவாத கண்ணை, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துத் திறக்கலாம். 18 முதல் 21 நாளில் குட்டிகள் தாமாக வெளியே வந்து தீனியைக் கொறிக்கும். அதோடு பெட்டியை எடுத்து, கழுவி, வெயிலில் காயவையுங்கள். தாயிடமிருந்து 5, 6-ஆம் வாரம் பிரிக்கலாம். குட்டியை அதே கூண்டில் விட்டுத் தாயை மாற்றுவது மேல். பால் மறப்பதும் இடம் மாறுவதும் ஒரே நாளில் வேண்டாம். ஈன்று நான்கு வாரம் கழித்துத் தாயை மறுபடி சேர்க்கலாம். ஈன்ற மறுநாளே சேர்த்தாலும் சினை பிடிக்கும்தான். பிடிக்கும் என்பதற்காகச் செய்தால் இரண்டு ஈற்றில் தாய் எலும்பும் தோலுமாகிவிடும்.

ஐந்து சென்ட் தீவனம்

ஓர் ஆண் முயல், நான்கு பெண் முயல், வளரும் குட்டிகள் 20 உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு நாலரைக் கிலோ பசுந்தீவனம் தேவைப்படும். ஆணுக்கு 250 கிராம், பெண்ணுக்கு 300 கிராம், குட்டிக்கு 150 கிராம் என்பது கணக்கு. பாசன வசதியுள்ள வேலி மசால் ஹெக்டேருக்கு ஆண்டில் 80 டன் என்று அடக்கமாகக் கணக்கிட்டாலும், ஒரு சென்ட் நாளுக்கு ஏறத்தாழ 900 கிராம் தருகிறது. அதாவது ஐந்து சென்ட் போதும். விதை சென்டுக்கு 80 கிராம். விதையுறை கடினமாதலால், கொதித்துச் சற்று ஆறிய நீரில் நான்கு நிமிடம் போட்டு, பின் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்தி விதைக்கவும். முதல் வெட்டு 90 நாளில். மேட்டு நிலத்தில் குதிரை மசாலும் நன்கு வரும். மானாவாரி நிலத்துக்கு முயல் மசால். பெயரிலேயே முயலை வைத்திருக்கும் பயிர் இது. எந்த மசாலையும் வெட்டி, சில மணி நேரம் வாடவிட்டே போட வேண்டும்.

பட்டுப்புழு வளர்ப்போர் மல்பெரித் தழையைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் புழுத் தட்டில் கழிந்த தழை வேண்டாம். அதில் சுண்ணாம்பும் கிருமிநாசினியும் கலந்திருக்கும். சந்தையில் கழிக்கும் முட்டைக்கோஸ், காலிபிளவர் இலைகள் இலவசமாகக் கிடைப்பதாலேயே பலர் முயலைக் கழிச்சலுக்குப் பலிகொடுக்கிறார்கள். எப்போது மருந்தடித்த இலை என்று தெரியாது. தெரிந்தாலும், இளங்குட்டிக்கு நீர்த்த இலை ஒத்துக்கொள்ளாது. தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் தழை அறவே கூடாது. சூபாபுல் தழை மிகுந்தால் முடி உதிரும்.

அடர் தீவனத்துக்கு 100 கிலோவில் உடைத்த மக்காச்சோளம் 30, கம்பு 30, கோதுமைத் தவிடு 25, கடலைப் புண்ணாக்கு 13, தாது உப்பு ஒன்றரை, சாதா உப்பு அரை கிலோ கலக்கலாம். பூசணம் பிடித்த புண்ணாக்கை மலிவு என்று வாங்காதீர்கள். வளர்ந்த ஆணுக்கு 100 கிராம், பால் கொடுக்கும் தாய்க்கு 150 கிராம் கொடுக்கலாம். முயல் தன் மென்மையான கழிவைத் தானே தின்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது அசை போடுவதற்கு ஈடான இயற்கை முறை.

நோயைப் பற்றி இரண்டே சொல்கிறேன். காதுக்குள் பொருக்குத் தட்டினால் அது சொறிப்பூச்சி. பிற முயல்களுக்குப் பரவும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று ஆம்பிசிலின், அமாக்சிசிலின் மாத்திரையை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் இறந்துவிடும். நாய்க்கான உண்ணி மருந்துகளில் ஃபிப்ரோனில் உள்ளதும் முயலுக்கு நஞ்சு.

விற்பனை, தாய் முயல் வாங்குதல்

பெங்களூர் நாற்பது கிலோமீட்டரில் இருப்பது இவ்வட்டாரத்துக்கு வசதிதான். ஆயினும் வாங்குபவர் யார் என்று அறியாமல் பத்துக்கு மேல் தாய் முயல் வைக்காதீர்கள். இறைச்சியாக விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலரிடம் முதலில் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். "ஜோடிக்கு இவ்வளவு கட்டுங்கள், குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்வோரிடம் நாலு தடவை யோசிக்க வேண்டும். 2012-இல் பெருந்துறையில் ஈமுக் கோழி நிறுவனம் நொடித்தபோது, முதலீடு செய்தவர்கள் பணத்தை இழந்து பறவைகளோடு நின்றதைத் தமிழ்நாடே பார்த்தது. குஞ்சு விற்ற பணத்தில் குஞ்சு வாங்கும் வியாபாரம், தின்பவர் வராதவரை நிற்காது. உங்கள் ஊரில் கறி தின்பவர் இருக்கிறாரா, பக்கத்து ஊரில் வளர்ப்புக்கு வாங்குபவர் இருக்கிறாரா என்பதே கேள்வி. புழுக்கை மட்டும் விலை போகாமல் நிற்காது. ஏறத்தாழ 2 சதவீதம் தழைச்சத்துள்ள உலர்ந்த எருவாதலால், ரோஜாத் தோட்டத்தாரும் காய்கறிப் பயிரிடுவோரும் விரும்பி எடுத்துக்கொள்வர். உங்கள் மசால் பாத்திக்கே இட்டால் இன்னும் மேல்.

நல்ல இன முயல்களுக்கு நீலகிரி சாண்டிநல்லாவிலுள்ள செம்மறியாடு இனவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தையும், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தையும் அணுகலாம். முன்கூட்டியே எழுதியோ பேசியோ பதிவு செய்துகொண்டு போகவும். ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெண்ணையும் வாங்க வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அண்டை வீட்டாருடன் ஆண் முயலை மாற்றிக்கொண்டால் உறவுச் சேர்க்கை வராது. மூன்று, நான்கு மாத வயது முயல்களே நல்லவை; புது இடத்தில் பழகிய பிறகு ஈற்றுக்கு வரும். மலையிலிருந்து கீழே கொண்டுவருவதைக் கார்த்திகை, மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பயணம் செய்து, வழியில் ஒருமுறை தண்ணீர் காட்டி, வந்த முதல் வாரம் அங்கே தின்ற தீவனத்தையே கொடுத்துச் சிறிது சிறிதாக உங்கள் தீவனத்துக்கு மாற்ற வேண்டும். அதற்காக ஐந்தாறு கிலோ தீவனத்தையும் முயலோடு சேர்த்தே அங்கேயே கேட்டு வாங்கி வாருங்கள்.